அறுபதில் ஒரு பங்கு

இற்றைநாளிலே இளைஞர் உள்ள வீடுகளில், கணனி விளையாட்டைப் பற்றி ஒன்றும் அறியோம் என்று கூறக்கூடிய பெற்றோர் அரியர். பிள்ளைகள் கேட்கும் பொருள்களின் பட்டியலிலே புதுவகைத் திரையொன்றும் இடம்பெறுவது வழக்கமாகிவிட்டது. செக்கனுக்கு 144 படங்களைக் காட்டும் திரை, 240 படங்களைக் காட்டும் திரை என்று கடைகளிலே விற்கின்றனர். விலையும் அதற்கேற்ப ஏறுகின்றது. துப்பாக்கி விளையாட்டுக்களும் காரோட்ட விளையாட்டுக்களும் அத்திரைகளின் வேகத்தை நன்கு பயன்படுத்திக்கொள்கின்றன. ஆனால், இருவர் எதிரெதிர் நின்று கையாலும் காலாலும் பொருதும் சண்டை விளையாட்டை அதே திரையிலே இட்டுப் பார்த்தாலோ, செக்கனுக்கு 60 படங்களுக்கு மேல் ஓடமாட்டேன் என்று அது நின்றுவிடுகின்றது.

இது ஏன்? பொறியின் வலுக் குறைவா? செய்தோரின் சோம்பலா? பழைமையை விடமாட்டாத பிடிவாதமா? மாணாக்கர் பலருக்கு எழும் இவ்வினாவை இவ்வாரம் எடுத்துக்கொள்வோம். விடை விளையாட்டைப் பற்றியதாயினும், அதனுள்ளே காலம், அளவு, நீதி என்னும் மூன்றும் அடங்கியிருப்பதைக் காண்போம்.

அறுபது எங்கிருந்து வந்தது?

திரையிலே அசைவது போலத் தோன்றும் யாவும் அசையாப் படங்களின் தொடரே என்பதை யாவரும் அறிவர். பேசும் படம் வந்த காலந்தொட்டு, திரைப்படத்துக்குச் செக்கனுக்கு 24 படங்கள் என்பது வழக்கமாயிற்று. தொலைக்காட்சிக்கோ வேறோர் எண் வேண்டியதாயிற்று. ஆதிகாலத் தொலைக்காட்சிப் பெட்டிகளிலே, மின்சாரத்தின் துடிப்பு படத்திலே கலந்து பட்டை பட்டையாய் ஓடும் குறை இருந்தது. படம் மாறும் வேகமும் மின்சாரம் துடிக்கும் வேகமும் ஒன்றாயின் அப்பட்டைகள் ஓடாது நிற்கும். ஆதலால் மின்சாரம் செக்கனுக்கு 60 முறை துடிக்கும் அமெரிக்காவிலே தொலைக்காட்சியும் 60 என்னும் எண்ணைக் கொண்டது. 50 முறை துடிக்கும் ஐரோப்பாவிலே 50 என்னும் எண்ணைக் கொண்டது. 1953இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சி முறையை வகுத்தபோது, அந்த 60, சரியாக 59.94 ஆகக் குறைந்தது. எனினும் வழக்கிலே அதனை அறுபது என்றே கூறுவர்.

யப்பான் அமெரிக்க முறையையே தழுவிக்கொண்டது. சண்டை விளையாட்டுக்களின் தாய்நாடும் யப்பானே. காசு போட்டு விளையாடும் பொறிகளும் வீட்டிலே வைத்தாடும் பெட்டிகளும் அங்கு உருவானபோது, அவற்றின் திரைகள் ஏறக்குறைய 60 என்னும் அதே வேகத்திலேயே இயங்கின. பழைய கண்ணாடிக் குழாய்த் திரையிலே ஓர் ஒளிக்கற்றை மேலிருந்து கீழாக வரிவரியாய்ப் படத்தைத் தீட்டும். அடியை அடைந்ததும் மறுபடியும் உச்சிக்குத் திரும்பும். அவ்வாறு திரும்பும் அந்தச் சிறு இடைவேளையே பொறிக்கு மணியோசை. ஒவ்வொரு மணிக்கும் ஒரு முறை பொத்தான்களைப் பார். ஆட்களை ஒரு படி நகர்த்து. அடி பட்டதா என்று கணி. புதிய படத்தை ஆயத்தமாக்கு. அடுத்த மணிக்காகக் காத்திரு. இவ்வாறு திரையின் துடிப்பே விளையாட்டின் கடிகாரமும் ஆயிற்று. 1991இல் கப்கொம் நிறுவனம் வெளியிட்டு உலகெங்கும் புகழ்பெற்ற ஸ்ட்ரீட் பைட்டர் இரண்டாம் பாகம் இவ்வகையினதே.

இக்கடிகாரத்தை மாற்றினால் என்ன நேரும் என்பதை ஐரோப்பியப் பிள்ளைகள் விரைவிலேயே கண்டனர். 1992இல் அவ்விளையாட்டு சூப்பர் நின்ரெண்டோ என்னும் வீட்டுப் பெட்டிக்கு வந்தது. ஐரோப்பியத் தொலைக்காட்சியின் துடிப்பு 50 ஆகையால், யப்பானிலே 60 படிகளில் ஒரு செக்கனில் முடிந்த செயல், அங்கே 1.2 செக்கன் எடுத்தது. வீரர்கள் தண்ணீருக்குள் நின்று பொருதுவது போல மந்தமாயினர். திரையின் மேலும் கீழும் கரும்பட்டைகள் வேறு. இலங்கையின் மின்சாரமும் 50 துடிப்பினதே. நமது தொலைக்காட்சியும் ஐரோப்பிய முறையையே பின்பற்றியது. எனவே, அப்பெட்டிகளின் ஐரோப்பிய வகையைத் தொலைக்காட்சியிலே பூட்டி ஆடியோர், யப்பானியச் சிறுவன் ஆடிய விளையாட்டின் ஆறில் ஐந்து பங்கு வேகத்தையே கண்டிருப்பர்.

படமே நாழிகை

இங்கு ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். விளையாடுவோர் 'பிரேம்' என்று கூறுவதையே நாம் 'படம்' என்கின்றோம். ஒரு படம் என்பது 60இல் ஒரு செக்கன். அதாவது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன். ஏனைய விளையாட்டுக்களிலே படம் என்பது கண்ணுக்குக் காட்டும் காட்சி மாத்திரமே. சண்டை விளையாட்டிலோ அதுவே நாழிகை, அதுவே நாணயம், கொடுக்கல் வாங்கல் யாவும் அதனாலேயே நடைபெறும்.

ஒரு குத்தை எடுத்துக்கொள்வோம். பொத்தானை அழுத்தியவுடன் குத்து விழுவதில்லை. முதலிலே கை ஓங்கும் காலம். அடுத்து அடி உயிருடன் நிற்கும் காலம், அப்போது எதிரி எட்டினால் படும். ஈற்றிலே கையை மீட்கும் காலம், அப்போது அடித்தவன் வேறொன்றும் செய்ய முடியாது நிற்பான். ஓங்கல், அடி, மீட்சி ஆகிய மூன்றுக்கும் இத்தனை இத்தனை படங்கள் என்று செய்தோர் எண்ணிட்டு வைத்திருக்கின்றனர். ஒவ்வொரு வீரனுக்கும் ஏராளமான அடிகள். ஒவ்வோர் அடிக்கும் இம்மூன்று எண்கள். தேர்ந்த ஆட்டக்காரர் இவ்வெண்களை வாய்பாடு போல மனனஞ் செய்திருப்பர்.

நம்கோ நிறுவனம் 1994இல் தொடங்கிய டெக்கன் என்னும் விளையாட்டிலே, பொதுவான விரைவுக் குத்து 10 படங்களில் விழுவது. இப்போது ஒருவன் ஒரு பெரிய உதையை விடுகின்றான். எதிரி அதனைத் தடுத்துவிடுகின்றான். உதைத்தவன் நிலைக்கு மீள்வதற்கு, தடுத்தவனை விட 10 படங்கள் கூடுதலாகச் செல்லும் என்று வைத்துக்கொள்வோம். தடுத்தவன் உடனே விரைவுக் குத்தை விட்டால் அது 10ஆம் படத்திலே போய்ச் சேரும். உதைத்தவனால் கையைத் தூக்கவும் இயலாது. ஆனால் அந்தக் கூடுதல் 9 படங்களேயாயின்? குத்து வந்து சேரும் அந்தக் கணத்திலே உதைத்தவன் மீண்டு தடுத்துவிடுவான். அடிபடுவதற்கும் தப்புவதற்கும் இடையே நிற்பது ஒரே ஒரு படம்.

2023இல் வெளிவந்த ஸ்ட்ரீட் பைட்டர் ஆறாம் பாகத்திலே, றியூ என்னும் வீரனின் இலேசான குத்து 4ஆம் படத்திலேயே படும், 67 மில்லிசெக்கன். கண்ணால் ஒன்றைக் கண்டு கையால் வினையாற்றுவதற்கு மனிதருக்குப் பொதுவாக 200 முதல் 250 மில்லிசெக்கன் வரை வேண்டும். எனவே, இலேசான குத்தைக் கண்டு தடுத்தவர் எவருமிலர். வரும் என்று முன்னுணர்ந்து தடுத்தவரே உளர். மெதுவான அடிகளை மாத்திரமே கண்டு தடுக்கலாம். எதைக் கண்டு தடுக்கலாம், எதை எண்ணித் தடுக்க வேண்டும் என்னும் இந்த எல்லைக்கோட்டின் மீதுதான் இவ்விளையாட்டின் சுவை முழுவதும் நிற்கின்றது.

மாணாக்கர் இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒருவர் அடிமட்டமொன்றின் மேல்நுனியைப் பிடித்துத் தொங்கவிட, மற்றவர் அதன் சுழியக் கோட்டுக்கு நேரே விரல்களைத் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். முன்னறிவிப்பின்றி அடிமட்டத்தை விட்டவுடன் பிடிக்க வேண்டும். 20 சென்ரிமீற்றரிலே பிடித்தால் சென்ற காலம் ஏறக்குறைய 0.2 செக்கன், அதாவது 12 படங்கள். டெக்கனின் 10 படக் குத்தைக் கண்டு தடுக்க வேண்டுமாயின், அடிமட்டத்தைச் சுமார் 13½ சென்ரிமீற்றருக்குள் பிடிக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் முயன்று பார்க்கட்டும். ஒரு படத்தின் அருமை விளங்கும்.

வேகம் ஆளுக்கொன்றாயின்

இனி, 60 என்னும் கட்டை அவிழ்த்துவிட்டு, ஒவ்வொரு பொறியும் தன் வலுவுக்கேற்ற வேகத்தில் ஓடலாம் என்று விடுவதாக எண்ணிப் பார்ப்போம். விளையாட்டு ஐரோப்பாவிலே ஆனது போல மந்தமாகக் கூடாதாகையால், ஒவ்வொரு படியிலும் சென்ற காலத்தை அளந்து, அதற்கேற்ற தூரம் ஆளை நகர்த்த வேண்டும். மேலோட்டமாக நோக்கினால் இதிலே பிழையொன்றும் தோன்றாது. கணக்குப் போட்டுப் பார்த்தாலே பிழை புலப்படும்.

ஒரு வீரன் செக்கனுக்கு 6 அலகு வேகத்தில் மேல்நோக்கிக் குதிக்கின்றான். அவ்வேகம் செக்கனுக்கு 6 அலகு வீதம் குறைகின்றது என்க. பௌதிகப் பாடத்தின்படி அவன் ஒரு செக்கனில் 3 அலகு உயரத்தை அடைவான். ஆனால் கணனி படிப்படியாகக் கணிப்பது. ஒவ்வொரு படியிலும் முதலிலே ஆளை நகர்த்தி, பின்பு வேகத்தைக் குறைக்கின்றது. செக்கனுக்கு 60 படிகளாயின் அவன் அடையும் உயரம் 3.05 அலகு. 30 படிகளாயின் 3.10. 10 படிகளாயின் 3.30. ஐயுறும் மாணாக்கர் தாளும் பென்சிலும் எடுத்துக் கூட்டிப் பார்க்கலாம். ஆகவே, மெதுவான கணனி வைத்திருப்பவனின் வீரன் உயரக் குதிக்கின்றான்! ஒருவன் குனியாமலே தப்பிய அடியில் மற்றவன் சிக்குவான். இந்தப் பிழையைக் குறைக்கும் நுட்பமான முறைகள் உள. எனினும் படி மாறினால் விளைவும் எங்கேனும் சிறிது மாறும் என்னும் அச்சம் நீங்காது.

இதனிலும் பெரிய இடரொன்று உண்டு. ஒரு குத்து 2 படங்களுக்கு மாத்திரமே உயிருடன் நிற்பது என்க. அதாவது 33 மில்லிசெக்கன். பொறி திணறி, செக்கனுக்கு 20 படிகளே ஓடினால், படிக்குப் படி இடைவெளி 50 மில்லிசெக்கன். ஒரு படியிலே கை இன்னும் ஓங்கியபடி நிற்கும்; அடுத்த படியிலே கை மீண்டுகொண்டிருக்கும். இடையிலே குத்து பிறந்து வாழ்ந்து மறைந்தும் போயிற்று. கணனி அதனைக் காணவேயில்லை. சரியாக அடித்தவன் அடித்தும் அடிக்காதவனாகின்றான்.

ஆதலால்தான் பொறி திணறும்போது பெரும்பாலான சண்டை விளையாட்டுக்கள் படிகளைத் தாண்டி ஓடாமல், முழு விளையாட்டையும் மெதுவாக்கிவிடுகின்றன. பார்ப்பதற்கு அது அழகன்று. ஆனால் எந்த அடியும் தொலைவதில்லை. இருவரும் ஒரே அளவுக்கு மந்தமாகின்றனர். நேரம் நீண்டாலும் நியாயம் நீளாது காக்கும் வழி அது.

கணக்கு அறுபது, காட்சி அதிகமாகலாகாதா?

கூர்மையான மாணாக்கர் இங்கு ஒரு தடை எழுப்புவர். கணக்கை 60இலேயே நிறுத்திக்கொண்டு, காட்சியை மாத்திரம் 120 ஆகவோ 240 ஆகவோ தீட்டினால் என்ன? வேறு வகை விளையாட்டுக்கள் பல அவ்வாறே செய்கின்றன. நல்ல கேள்வியே.

ஆனால் இரண்டு படிகளுக்கு இடைப்பட்ட காட்சியைத் தீட்ட வேண்டுமாயின், அடுத்த படியில் ஆள் எங்கே நிற்பான் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரிவதற்கு அடுத்த படி கணிக்கப்படும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வாறு காத்திருந்தால் காட்சி கணக்குக்குச் சற்றுப் பின்னால் செல்லும். அழகுக்காகக் காலத்தை இழப்போம். காத்திராமல், ஆள் போகும் திசையை ஊகித்துத் தீட்டலாம் எனின், ஊகம் பொய்த்தபோது திரை பொய் சொல்லும். படாத கை பட்டது போலவும், பட்ட கை படாதது போலவும் தோன்றும். ஒரு படத்துக்காகத் தவங்கிடக்கும் ஆட்டக்காரர் இவ்விரண்டையும் விரும்புவதில்லை. தாம் காண்பதே உண்மை, உண்மையே தாம் காண்பது என்னும் உறுதிதான் அவர்களுக்கு வேண்டியது.

மேலும், இவ்விளையாட்டுக்களிலே சித்திரமும் படக் கணக்கை ஒட்டியே வரையப்படும். குத்தின் உச்ச நிலை இந்தப் படத்திலே, முழங்கை மடங்குவது அந்தப் படத்திலே என்று ஓவியர் ஒவ்வொன்றாகத் தீர்மானிப்பர். 2014இல் ஆர்க் சிஸ்டம் வேர்க்ஸ் நிறுவனம் வெளியிட்ட கில்ட்டி கியர் எக்ஸ்ஆர்டி என்னும் விளையாட்டு இதற்கு நல்ல சான்று. அதன் கணக்கு 60இலே ஓடும். ஆனால் வீரர்களின் தோற்றங்களையோ வேண்டுமென்றே சில படங்கள் வரை அசையாது நிறுத்தி, கையால் வரைந்த யப்பானியச் சித்திரப் படத்தின் சாயலைக் கொண்டுவந்தனர். இடைத் தோற்றங்களைக் கணனி தானே நிரப்பியிருந்தால் அந்த அழகு குலைந்திருக்கும்.

திரை வாங்க எண்ணும் குடும்பங்களுக்கு இவ்விடத்திலே ஒரு சிறு குறிப்பு. 120உம் 240உம் அறுபதின் மடங்குகள். ஒவ்வொரு படமும் சரியாக இரண்டு அல்லது நான்கு துடிப்புக்கள் நிற்கும். 144ஐ 60ஆல் வகுத்தால் 2.4, ஆதலால் சில படங்கள் இரண்டு துடிப்பும் சில மூன்று துடிப்புமாக நின்று, அசைவு சற்றுத் தத்தளிக்கும். விளையாட்டின் வேகத்துக்கேற்பத் தன் துடிப்பை மாற்றிக்கொள்ளும் வகைத் திரையாயின் இக்குறை இல்லை. விரைவுத் திரை ஒவ்வொரு படத்தையும் விரைவாகத் தீட்டி முடிக்கும் என்னும் சிறு நன்மையும் உண்டு. ஆயினும் சண்டை விளையாட்டு ஒன்றுக்காகவே பெருவிலை கொடுக்க வேண்டியதில்லை.

கடல் கடந்த சண்டை

முன்பு இருவரும் ஒரே பொறியின் முன்னே தோளோடு தோள் நின்று ஆடினர். இன்றோ ஒருவர் தோக்கியோவிலும் மற்றவர் லொஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்து ஆடலாம். இடையிலுள்ள தூரம் ஏறக்குறைய 8,800 கிலோமீற்றர். ஒளியிழையிலே ஒளி செக்கனுக்குச் சுமார் 2 இலட்சம் கிலோமீற்றரே செல்லும். எனவே ஒரு பொத்தான் அழுத்திய செய்தி ஒரு கரையிலிருந்து மறு கரையை அடைய, வேறு தடையொன்றும் இல்லாதபோதே 44 மில்லிசெக்கன் வேண்டும். அதாவது இரண்டரைப் படங்களுக்கு மேல். இயற்கை விதித்த இக்கடனை எவராலும் தள்ளுபடி செய்ய முடியாது.

பழைய முறையிலே, எதிரியின் பொத்தான் செய்தி வந்து சேரும் வரை இரு பொறிகளும் காத்திருந்தன. வழி நெரிசலானால் விளையாட்டே சேற்றிலே நடப்பது போலாயிற்று. 2006இல் ஸ்ட்ரீட் பைட்டர் இரண்டாம் பாகத்தின் ஒரு வடிவம் எக்ஸ்பொக்ஸ் 360 என்னும் பெட்டிக்கு வந்தபோது, இணைப்பு வழி ஆட்டத்தின் குறை பலரை வருத்திற்று. அமெரிக்காவின் புகழ்பெற்ற எவோ சண்டை விளையாட்டுப் போட்டியை நிறுவியோருள் ஒருவரான ரோனி கனன் அக்குறைக்கு மருந்து தேடினார். ஜிஜிபிஓ என்னும் அவரது மென்பொருளால் 'பின்னிட்டு மீளும்' முறை பரவிற்று. 2019இல் அதனை யாவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டார்.

அம்முறை இதுவே. எதிரியின் செய்தி இன்னும் வரவில்லையாயின், சென்ற படத்திலே அவன் எதை அழுத்தியிருந்தானோ அதையே இப்போதும் அழுத்துகின்றான் என்று பொறி கொள்கின்றது. இது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்; ஏனெனில் செக்கனுக்கு 60 படங்கள் ஓடினாலும், மனிதன் ஒரு செக்கனிலே சில தடவைகளே பொத்தானை மாற்றுகின்றான். ஊகம் பிழைத்ததாயின், பொறி முன்பு சேமித்து வைத்திருந்த நிலைக்குப் பின்னிட்டு, உண்மைச் செய்தியைக் கொண்டு அந்த இரண்டு மூன்று படங்களையும் மறுபடியும் கணித்து, ஒரு படத்துக்குரிய காலத்துள்ளேயே நிகழ்காலத்துக்கு மீண்டுவிடுகின்றது.

இம்முறை செயற்படுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இரு கரையிலும் உள்ள பொறிகள் தம்முள் பரிமாறுவது 'இத்தனையாம் படத்திலே இந்தப் பொத்தான்' என்னும் செய்தியை மாத்திரமே. வீரன் எங்கே நிற்கின்றான், எவ்வளவு உயிர் எஞ்சியுள்ளது என்பவற்றை ஒவ்வொரு பொறியும் தானே கணித்துக்கொள்கின்றது. ஒரே செய்தியிலிருந்து இரண்டும் இம்மியும் பிசகாத ஒரே விடையை அடைய வேண்டும். ஒன்று செக்கனுக்கு 60 படிகளும் மற்றது 97 படிகளும் எடுத்தால், 'இத்தனையாம் படம்' என்னும் சொல்லுக்கே பொருளில்லை. ஒரு கரையிலே வென்றவன் மறு கரையிலே தோற்றவனாக நிற்பான். எனவே இணைப்பு வழி ஆட்டம், மாறாத படியை மேலும் இன்றியமையாததாக்கிற்று. முடிந்த ஆட்டங்களைத் திருப்பிப் பார்க்கும் வசதியும் இதனாலேயே எளிதாகின்றது. பொத்தான் செய்திகளை மாத்திரம் சேமித்து வைத்தால் போதும், முழுச் சண்டையும் மறுபடியும் தானே நிகழும்.

ஒரு படத்தால் எழுந்த புகழ்

இத்தனை நுட்பமும் யாருக்காக என்று வினவுவோருக்கு மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுவோம்.

2004ஆம் ஆண்டு, கலிபோர்னியாவிலே நடைபெற்ற எவோ போட்டி. யப்பானின் டைகோ உமெஹாராவும் அமெரிக்காவின் ஜஸ்ரின் வொங்கும் ஸ்ட்ரீட் பைட்டர் மூன்றாம் பாகத்திலே மோதினர். டைகோவின் வீரனுக்கு மயிரிழை அளவே உயிர் எஞ்சியிருந்தது. எதிரி தன் பேரடியை விட்டார். அதனைச் சாதாரணமாகத் தடுத்தாலும் சிறிது உயிர் குறையும். அச்சிறிதும் அவரிடம் இல்லை. எஞ்சிய வழி ஒன்றே: ஒவ்வோர் உதையும் படும் அந்தக் கணத்திலே எதிரியை நோக்கிப் பிடியை ஒருமுறை தட்டி, அதனைத் தட்டிக்கழிப்பது. சில படங்கள் முந்தினாலும் தோல்வி; பிந்தினாலும் தோல்வி. அடுத்தடுத்து வந்த உதைகள் அனைத்தையும் டைகோ தட்டிக்கழித்தார். ஈற்றுதையை வானிலே துள்ளித் தட்டினார். பின்பு திருப்பி அடித்து வென்றார். கூடியிருந்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். அப்போட்டியின் இறுதியாட்டத்திலே அவர் தோற்றார் என்பது பலருக்கு நினைவில்லை. அந்தச் சில செக்கன்களை மறந்தவரோ இலர்.

2019ஆம் ஆண்டு, டெக்கன் உலகிலே பெயர் அறியப்படாத இளைஞர் ஒருவர் பாகிஸ்தானின் லாகூரிலிருந்து யப்பானின் புக்குவோக்காவுக்குச் சென்றார். அர்ஸ்லான் அஷ் என்பது அவரது ஆட்டப் பெயர். அதுவரை கொரியரும் யப்பானியருமே அரசோச்சிய விளையாட்டு அது. பயண அனுமதிச் சிக்கல்களால் அலைக்கழிந்து போய்ச் சேர்ந்தவர், எவோ யப்பான் போட்டியை வென்றார். அவ்வாண்டே அமெரிக்காவின் லாஸ் வேகாஸிலே நடந்த எவோ போட்டியையும் வென்றார். பெருநாடுகளின் ஆட்டக்காரர் கண்டிராத திறமை லாகூரின் விளையாட்டுக் கூடங்களிலே வளர்ந்திருந்தது. லாகூரிலே 10 படமாயிருந்த குத்து புக்குவோக்காவிலும் 10 படமே. பொறிக்குப் பொறி அளவு மாறியிருந்தால், அவர் சொந்த ஊரிலே செய்த பயிற்சி யாவும் விமானத்திலிருந்து இறங்கிய அன்றே வீணாகியிருக்கும்.

2023ஆம் ஆண்டு, சீனாவின் ஹாங்சோ நகரிலே நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவிலே, கணனி விளையாட்டுக்களுக்கு முதன்முறையாகப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. ஸ்ட்ரீட் பைட்டர் ஐந்தாம் பாகத்திலே பொற்பதக்கம் பெற்றவர் தென் கொரியாவின் கிம் குவான்-வூ. அவருக்கு அப்போது வயது 44. விரல் வேகம் ஒன்றே இவ்விளையாட்டாயின் இருபது வயதினரை அவர் வென்றிருத்தல் அரிது. காலத்தை எண்ணக் கற்றவருக்கு ஆண்டுகள் அத்துணைப் பகையல்ல.

அளவு பொதுவாயின்

சந்தையிலே வாங்குவோனுக்கும் விற்போனுக்கும் ஒரே படிக்கல் வேண்டும். படிக்கல் நுட்பமானதாயிருத்தல் நன்று; ஆனால் அதனினும் முதன்மையானது, அது இருவருக்கும் ஒன்றாயிருத்தல். ஒரு கடையில் ஓர் எடை, மறு கடையில் வேறோர் எடை எனின், எவ்வளவு பளபளப்பான தராசாலும் பயனில்லை. சண்டை விளையாட்டின் 60 என்பது அத்தகையதொரு படிக்கல். அது தெய்வ வாக்கன்று. பழைய மின்சாரக் கம்பியின் துடிப்பிலிருந்து தற்செயலாகப் பிறந்த எண்ணே. நாளை ஒரு சண்டை விளையாட்டு 120 என்னும் படிக்கல்லை எடுத்துக்கொண்டால், அதனை அடியிலிருந்து புதிதாக எண்ணிட்டு அமைக்க வேண்டும். அவ்வாறு அமைத்தபின் அதுவும் யாவருக்கும் ஒன்றாகவே பூட்டப்படும். எண் மாறலாம், பூட்டு மாறாது.

பிள்ளைகள் திரையின் முன்னே இருக்கும் நேரத்துக்குப் பெற்றோர் ஓர் எல்லை வகுப்பது முறையே. ஆயினும் அடுத்த முறை அவர்கள் 'ஒரு பிரேம் பிந்திவிட்டது' என்று முகம் வாடும்போது, அது வெறும் பிதற்றலன்று என்பதையும் அறிந்திருத்தல் நன்று. 60இல் ஒரு பங்கு செக்கன் பிந்தியவன், அந்தப் பிந்தலுக்குப் பொறியையோ எதிரியையோ குறைகூற முடியாத ஓர் ஆட்டத்தை ஆடியிருக்கின்றான். தோற்றபின் பழிபோட இடமில்லாத களம் எங்கும் எளிதிற் கிடைப்பதன்று. அத்தகைய களத்திலே தோற்கவும் மறுபடியும் பயிலவும் பழகிய பிள்ளை, பரீட்சை மண்டபத்திலும் அதே மனத்துடன் அமருமாயின் நாம் மகிழ்வோம்.